ஒரே பந்தி, தனித்தனிச் சுடுகாடு

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் போகும் முன்னே செருப்பைக் கழற்றிக் கொடுக்கணும். வாசலிலேயே அதற்கென்று இடம் இருக்கிறது. என் ரப்பர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, விலையுயர்ந்த கைக்கடிகாரம். இரண்டு கையையும் நீட்டி என் செருப்பை வாங்கினார். ஒரு துணியால் தூசியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தார். கூட வந்திருந்த பஞ்சாபித் தோழர் சொன்னார்: ‘இவங்க யாரும் சம்பளத்துக்கு இருக்கிறவங்க இல்ல. நிலக்காரங்க, டாக்டருங்க, பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவங்க. சேவைன்னு வந்து செய்றாங்க.’

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. எங்க தாத்தா ஊர்த்தெருவுக்குள்ள நுழையணும்னா செருப்பைக் கழற்றிக் கக்கத்துல இடுக்கிக்கணும். மறந்துபோய்க் காலில் போட்டுக்கொண்டு போன ஒருநாள், அதே செருப்பாலேயே அவரை அடித்திருக்கிறார்கள். அந்தத் தாத்தாவின் பேத்தி செருப்பை ஒரு நிலக்காரர் துடைத்து வைக்கிறார்.

உள்ளே லங்கர் கூடம். ராத்திரி பகல் பாராமல் சோறு போடுகிற இடம். தினமும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். தரையில் நீள விரிப்பு, அதில் வரிசையாக உட்காரணும். வரிசைக்கு அங்கே ‘பங்கத்’ என்று பெயர். பங்கத்தும் நம் பந்தியும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தாம். தட்டில் பருப்பு விழுந்தது, பாயசம் விழுந்தது. ரொட்டிக் கூடையோடு வந்த பையன் என் முன்னால் நின்றான். தட்டைக் காட்டினேன். அவன் போடவில்லை. ‘ரெண்டு கையையும் ஏந்துங்க’ என்றார் தோழர். ரொட்டியைத் தட்டில் வாங்கக் கூடாதாம். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்கணுமாம்.

எனக்குக் கை எழும்பவில்லை.

எங்க அம்மா நடவுக்குப் போன இடங்கள்ல தாகத்துக்குத் தண்ணி கேட்டா, நிலக்காரர் வீட்டுக் கொல்லைப்பக்கம் குனிஞ்சு நின்னு ரெண்டு கையையும் சேர்த்து வாய்க்கிட்ட வச்சுக்கணும். மேலேர்ந்து செம்புத் தண்ணியை ஊத்துவாங்க. செம்பு கையில பட்டுடக் கூடாது. பாதித் தண்ணி முழங்கை வழியா வழிஞ்சு சீலையை நனைச்சுடும். ஏழு வயசுல பக்கத்துல நின்னு அதைப் பார்த்தவ நான். கையேந்துறதுன்னாலே அதுக்கப்புறம் எனக்கு ஆகாது.

பக்கத்தில் பார்த்தேன். கை நிறையத் தங்க வளையல் போட்ட ஒரு அம்மா இரண்டு கையையும் ஏந்தியிருந்தார். அவருக்கு அடுத்து ஒரு ரிக்‌ஷாக்காரர், அவரும் ஏந்தியிருந்தார். அந்த வரிசையிலேயே ஏந்தாத கை என்னுடையது மட்டும்தான். ஏந்தினேன். சுடச்சுட ரொட்டி விழுந்தது. எல்லாரும் ஏந்துகிற இடத்தில் ஏந்துவது இழிவில்லை என்று என் கைக்குப் புரிய முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியே இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்திருக்கிறார்களே என்ற மலைப்போடு வெளியே வந்தேன். மலைப்பு நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் சங்ரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே குருத்வாரா இரண்டு. ‘ஏன் ரெண்டு?’ என்று கேட்டேன். ‘ஒண்ணு ஜாட்டுங்களுது, ஒண்ணு நம்மளுது’ என்றார் எங்களைக் கூட்டிப்போனவர். அவர் மஜபிச் சீக்கியர், நாமாகச் சொன்னால் பஞ்சாப் தலித். ‘சுடுகாடு?’ என்றேன். ‘அதுவும் அப்படித்தான்.’

பொற்கோயில் பந்திக்கும் அந்தக் கிராமத்துச் சுடுகாட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? நம்மிடையே மதமாற்றப் பேச்சு எழும்போதெல்லாம் பௌத்தத்தோடும் இஸ்லாத்தோடும் சேர்த்துச் சீக்கியத்தையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் தலைப்பாகையோடு ஓட்டுக் கேட்ட தமிழ் வேட்பாளர்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் சீக்கியரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சர்தார்ஜி ஜோக்கும், சினிமாவில் வருகிற லாரி டிரைவரும்தான். அதனால் கொஞ்சம் வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கிறது.

குருநானக் 1469இல் தல்வண்டியில் பிறந்தவர். இன்று அது பாகிஸ்தானில் நன்கானா சாகிப் எனப்படுகிறது. கத்ரி என்னும் வணிக, கணக்கெழுதும் சாதி. சிறுவயதில் பூணூல் போட வந்த புரோகிதரிடம் மாட்டேன் என்று மறுத்ததாகச் சொல்வார்கள். ஊர் ஊராக அவர் பாடித் திரிந்தபோது ரபாப் வாசித்துக்கொண்டு கூடவே நடந்த மர்தானா ஒரு முஸ்லிம், மிராசி என்னும் தாழ்ந்த பாணர் சாதிக்காரர். ஊர்ப் பணக்காரன் விருந்தை விட்டுவிட்டு லாலோ என்ற தச்சர் வீட்டுச் சோளரொட்டியை நானக் தின்றதாக இன்றும் கதை சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் கர்தார்பூரில் தங்கி, தானே வயலில் உழைத்து, வந்தவர்களையெல்லாம் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். மூன்றாவது குரு அமர்தாஸ், என்னைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் முதலில் பந்தியில் உட்காரட்டும் என்று விதியே வைத்தார். உடன்கட்டை ஏறுவதையும் பெண்களுக்கு முகத்திரை போடுவதையும் எதிர்த்தவர் இவர்.

ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் கிரந்தத்தைத் தொகுத்தார். இன்று 1430 பக்கமாக இருக்கிற அந்த நூலில் குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர் இருக்கிறார். துணிக்கு அச்சடிக்கும் சாதியில் பிறந்த நாமதேவர், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சதனா, சூஃபி பரீத் எல்லாரும் இருக்கிறார்கள். காசியில் செருப்புத் தைத்த ரவிதாசின் பதங்கள் நாற்பது இருக்கின்றன. தன் சனம் செத்த மாட்டைச் சுமக்கிற சனம் என்பதை ரவிதாஸ் தன் பாட்டிலேயே மறைக்காமல் சொல்லிக்கொண்டவர். அந்தப் பாட்டும் சேர்ந்த புத்தகத்தைத்தான் பட்டுத்துணி போர்த்தி, சாமரம் வீசி, குருவாக வைத்து எல்லாரும் விழுந்து கும்பிடுகிறார்கள். தமிழ் படித்தவளுக்கு இங்கே நந்தனார் ஞாபகம் வராமல் இருக்குமா? நம்ம மரபு அவரைத் தீயில் இறக்கிப் பார்ப்பன வடிவாக்கித்தான் உள்ளே விட்டது. அவர் பாடியதாக ஒரு பாட்டுக்கூடத் திருமுறையில் கிடையாது.

1675இல் ஒன்பதாவது குரு தேக் பகதூரை டெல்லியில் தலை வெட்டிக் கொன்றார்கள். தலையை எடுக்கப் பலரும் அஞ்சிய நேரத்தில் அதை எடுத்து மறைத்து அனந்தபூர் வரைக்கும் கொண்டுபோனவர் ஜெய்தா. மலம் அள்ளும் சாதியில், அதாவது ரங்ரேட்டாக்களில் பிறந்தவர். அப்பாவின் தலையை வாங்கிக்கொண்ட கோவிந்த் சிங், ரங்ரேட்டாக்கள் குருவின் பிள்ளைகள் என்று சொல்லி ஜெய்தாவைக் கட்டிக்கொண்டார் என்பது மரபு. 1699இல் அதே அனந்தபூரில் கால்சாவை அமைத்தார். தலை கொடுக்க முன்வந்த ஐந்து பேரில் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட். மற்ற மூவர் தண்ணி சுமக்கிறவர், துணிக்கு அச்சடிக்கிறவர், நாவிதர். நாவிதரான சாகிப் சந்த் நம்ம பக்கத்து பிதாரிலிருந்து போனவர். ஒரே கிண்ணத்தில் கலக்கிய அம்ரித்தை அந்த ஐவருக்கும் கொடுத்து, பிறகு தானும் அவர்கள் கையால் வாங்கிக் குடித்தார் குரு. ஆணுக்கு சிங், பெண்ணுக்கு கௌர். பேரிலிருந்தே சாதியை எடுத்துவிட ஒரு வழி செய்துவைத்தார்.

இதெல்லாம் சும்மா இல்லை. மனுசனைத் தொட்டால் தீட்டு என்கிற நாட்டில் எச்சில் கிண்ணத்தை மதச்சடங்காக்கியது சாதாரண காரியமா?

ஆனால் இன்னொன்றையும் எழுதியாகணும். பத்துக் குருமார்களும் கத்ரி சாதியில் பிறந்தவர்களே. தங்கள் குடும்பத்துக் கல்யாணங்களைச் சாதிக்குள்ளேயே செய்தார்கள். சேர்ந்து உண்பது வந்தது, கலந்து மணப்பது வரவில்லை. இதைவிடப் பெரிய விஷயம் நிலம். வருண ஏணியில் கீழே வைக்கப்பட்டிருந்த உழவர்களான ஜாட்டுகள் பெருங்கூட்டமாகச் சீக்கியத்துக்கு வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் வாள் பிடித்தார்கள், நிலமும் அதிகாரமும் அவர்கள் கைக்கு வந்தன. மதம் அவர்களை நிமிர்த்தியது. நிமிர்ந்தவர்கள், தங்களுக்குக் கீழே இருந்த சூராக்களையும் சமார்களையும் நிமிர விடவில்லை. சூராக்கள் சீக்கியரானதும் ‘மஜபி’ என்று பேர் கொடுத்தார்கள். மஜப் என்றால் மதம். மதத்துக்கு வந்தவன் என்ற பேரே புதுச் சாதிப் பேராகிவிட்டது. நம்ம பக்கத்தில் ஞானஸ்நானம் வாங்கியும் தனிக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படுகிற சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே ஆக்கினான். 1900இல் வந்த பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், விவசாயச் சாதி என்று பட்டியலிட்ட சாதிகளைத் தவிர மற்றவர்கள் நிலம் வாங்க முடியாதபடி செய்தது. வட்டிக்கடைக்காரரிடமிருந்து உழவரைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றார்கள். வயலில் முதுகொடிய உழைத்த தலித் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டாளத்திலும் அப்படியே. ஜாட் சீக்கியருக்கு ஒரு படைப்பிரிவு. மஜபி, ராம்தாசியாச் சீக்கியருக்கு வேறு படைப்பிரிவு, இன்றைய சீக்கிய இலகு காலாட்படை.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது பொற்கோயிலிலேயே நிலைமை மோசம். தலித் சீக்கியர் கொண்டுவருகிற பிரசாதத்தைப் பூசாரிகள் வாங்க மாட்டார்கள். 1920 அக்டோபர் 12 அன்று ஜாலியன்வாலா பாகில் நடந்த ஒரு கூட்டத்தில் அம்ரித் எடுத்துக்கொண்ட தலித்துகள், கால்சா கல்லூரி ஆசிரியர்கள் சிலரோடு ஊர்வலமாகப் பொற்கோயிலுக்குப் போனார்கள். முந்தின வருஷம் வெள்ளைக்காரன் சுட்டுப் பிணம் குவித்த அதே மைதானத்திலிருந்து கிளம்பிய ஊர்வலம். பூசாரிகள் மறுத்தார்கள். வாதம் முற்றியதும், கிரந்தத்தையே கேட்போம் என்று முடிவானது. வழக்கம்போல் கிரந்தத்தைத் திறந்து கண்ணில் பட்ட பதத்தைப் படித்தார்கள். தகுதியற்றவரையும் இறைவன் ஏற்கிறான் என்ற பொருளில் அது அமைந்திருந்தது. பூசாரிகள் பணிந்தார்கள். அங்கிருந்து கூட்டம் அகால் தக்துக்குப் போனபோது, அந்த இடத்துப் பூசாரிகள் விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார்கள். ஓடிய இடத்தை யார் நிர்வகிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. இன்றைக்குச் சீக்கியரின் பாராளுமன்றம் என்று சொல்லப்படுகிற அமைப்பு அது. அதற்குக் கதவு திறந்துவிட்டவை தலித்துகள் கையிலிருந்த பிரசாதத் தட்டுகள். இதைத் தலித் வரலாறாக யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

வைக்கம் நமக்குத் தெரியும், பெரியார் சிறைக்குப் போனது தெரியும். 1924இல் அதே வைக்கத்துக்குப் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து போராட்டக்காரர்களுக்கு லங்கர் நடத்தியது எத்தனை பேருக்குத் தெரியும்? காந்தி அதை ஏற்கவில்லை. இந்துக்கள் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்பது அவர் நிலை. லங்கர் மூடப்பட்டது. தெருவில் நடக்கவே விடாத ஊரில் ஒரே பந்தியில் சோறு என்பது யாருக்கு உறுத்தியது என்பதை நாம்தான் யோசிக்கணும்.

1935இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்த பிறகு அவர் முதலில் ஊன்றிப் பார்த்த மதங்களில் சீக்கியமும் ஒன்று. 1936 ஏப்ரலில் அமிர்தசரசில் சீக்கியர் மாநாட்டுக்குப் போனார். தம் ஆட்கள் பதின்மூன்று பேரை அங்கே அனுப்பிப் படிக்கவைத்தார். பம்பாயில் கால்சா கல்லூரி வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அப்புறம் ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பூனா ஒப்பந்தத்தில் கிடைத்த ஒதுக்கீடு பஞ்சாபுக்கு வெளியே சீக்கியராகிறவர்களுக்குக் கிடைக்காது என்ற சிக்கல் ஒன்று. இத்தனை லட்சம் பேர் புதிதாக வந்தால் தலைமை யார் கையில் போகும் என்று சீக்கியத் தலைவர்களுக்கு இருந்த பயம் இன்னொன்று. இருபது வருஷம் கழித்து 1956இல் நாகபுரியில் பௌத்தரானார்.

பஞ்சாப் தலித்துகளே ஒரு வழி தேடினார்கள். 1926இல் முகோவாலைச் சேர்ந்த மங்கு ராம் ‘ஆத் தர்ம’ இயக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்றார். நம்ம அயோத்திதாசர் பேசியதற்குப் பக்கத்தில் வருகிற பேச்சு. 1931 கணக்கெடுப்பில் 4,18,789 பேர் தங்கள் மதம் ஆத் தர்மம் என்று துணிந்து எழுதவைத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு வந்த 1950 அரசாணை அட்டவணைச் சாதி என்பதை இந்துக்களுக்கே உரியதாக்கியது. மஜபி, ராம்தாசியா உட்பட நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு. 1956இல் எல்லாத் தலித் சீக்கியருக்கும் அது கிடைத்தது. 1990இல் பௌத்தருக்குக் கிடைத்தது. தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. சாதியே இல்லை என்கிற மதம், தன்னிடம் தீண்டப்படாதவர் உண்டு என்று எழுதிக் கொடுத்தால்தான் உரிமை. கசப்பான உண்மை, ஆனாலும் அந்த உண்மையை எழுதிக் கொடுத்ததால் ஒரு சனத்துக்குப் படிப்பும் வேலையும் கிடைத்தன.

2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் தலித்துகள் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு விகிதம் இல்லை. ஆனால் ஒரு தலித் முதலமைச்சராக 2021 வரை காத்திருக்கணும். அவரும் ஆறு மாதம்தான் இருந்தார். 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடைமுறை நெறி, சாதி பார்க்காமல் கல்யாணம் செய் என்கிறது. கல்யாண விளம்பரங்களோ ஜாட் சீக்கியர், கத்ரி சீக்கியர், ராம்காரியா சீக்கியர் என்று தனித்தனியாகத்தான் வருகின்றன.

2003இல் ஜலந்தர் பக்கம் தல்ஹனில் ஊர்ப் புனிதத்தலத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதற்காகத் தலித்துகளை ஊர்விலக்கம் செய்தார்கள், கலவரம் ஆனது. போராடித்தான் குழுவில் இடம் வாங்கினார்கள். 2009இல் வியன்னாவில் ரவிதாசியரின் வழிபாட்டிடத்துக்குள் புகுந்து சந்த் ராமானந்தைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷமே ஒரு பிரிவினர் ரவிதாசியா தனி மதம் என்று அறிவித்து, ரவிதாசின் பாடல்களையே தங்கள் வேதமாக வைத்துக்கொண்டார்கள். நானூறு வருஷம் ஒரே கட்டில் இருந்த கிரந்தத்திலிருந்து ரவிதாசை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டிய நிலை யாரால் வந்தது?

மான்சா மாவட்டத்து பந்த் சிங் ஒரு மஜபிச் சீக்கியர். மகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்காக வழக்குப் போட்டுக் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். 2006 ஜனவரியில் ஜாட் இளைஞர்கள் அவரை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டார்கள். இரண்டு கையும் ஒரு காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேடையேறிப் பாட ஆரம்பித்தார். பாடியது, நக்சல்பாரிக் காலத்தில் சிறையில் அடிபட்ட மஜபிக் கவி சந்த் ராம் உதாசியின் பாட்டுகளை. ஏந்துவதற்குக் கை இல்லாத அந்த மனிதரை நினைக்காமல் லங்கர் பந்தியைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சீக்கியத்துக்குள்ளே இருக்கிற சாதியை நாம் பேசினால், ‘பார்த்தீங்களா, எங்க போனாலும் சாதிதான், அதனால இந்துவாவே இருங்க’ என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 1984 நவம்பரில் டெல்லித் தெருக்களில் சீக்கியரைக் கொளுத்தியபோது யாரும் ஜாட்டா மஜபியா என்று கேட்கவில்லை. திரிலோக்புரியில் செத்தவர்களில் பெரும்பாலோர் கயிற்றுக்கட்டில் பின்னியும் கூலி வேலை செய்தும் பிழைத்த ஏழைகள். சிறுபான்மையாக அடிபடும்போது அவர்களோடு நிற்பதும், அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் மிதிக்கும்போது மிதிபடுகிறவரோடு நிற்பதும் நமக்கு ஒரே அரசியல்தான்.

சங்ரூர் கிராமத்தில் எங்களைக் கூட்டிப்போனவரிடம், ‘இவ்வளவுக்கப்புறமும் ஏன் சீக்கியரா இருக்கீங்க?’ என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘கிரந்தம் என்ன ஜாட்டுங்க அப்பன் வீட்டுச் சொத்தா? அதுல எங்க ஆளுங்க பாட்டு இருக்கு. குருவோட தலையைச் சுமந்தவன் எங்க ஆளு. நான் ஏன் போகணும்? சாதி பாக்கிறவன் போகட்டும்.’ இந்தப் பதிலை என்னால் இன்னும் தள்ள முடியவில்லை, முழுசாக ஏற்கவும் முடியவில்லை. வெளியேறிய ரவிதாசியர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சாயங்காலம் தலித் குருத்வாராவில் பெண்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு நிலத்துக்குப் போனது. 1961ஆம் வருஷச் சட்டப்படி ஊர்ப் பொதுநிலத்தில் விவசாய நிலத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கே குத்தகைக்கு விடணும். ஏலத்தில் நிலக்காரர்கள் தங்களிடம் கடன்பட்ட தலித் ஒருவரை முன்னே நிறுத்திக் கேட்கவைப்பார்கள், நிலம் பழையபடி அவர்கள் கைக்கே போய்விடும். 2014 முதல் சங்ரூரில் ‘ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி’ என்று நிலமீட்புக் குழு கட்டி, எங்கள் பங்கை எங்களுக்கே கொடு, கூட்டாகப் பயிர் செய்கிறோம் என்று போராடுகிறார்கள். அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், சில ஊர்களில் ஜெயித்தார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். காரணம் எளிது. மாட்டுக்குப் புல் அறுக்க ஜாட் வயல் வரப்புக்குப் போய் வசை வாங்கியதும், கைவைக்கப்பட்டதும் அவர்கள்தாம். நிலம் கிடைத்த ஊரில் சொந்தப் புல் இருக்கிறது.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா என்னைக் கேட்டாள்: ‘உங்க ஊர்ல உங்களுக்குன்னு நிலம் ஒதுக்கலையா?’ பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சொன்னேன். 1892இல் ஒதுக்கினது, விற்கக் கூடாதென்று விதி இருந்தது, இன்றைக்குப் பெரும்பகுதி மற்ற சாதிக்காரர்கள் கையில் கிடக்கிறது என்று சொன்னேன். தோழர் மொழிபெயர்த்தார். அவள் ரொட்டியைப் புரட்டிப் போட்டபடி, ‘உங்க ஊர்ப் பங்கு எத்தனை ஏக்கர்? இப்ப யாரு உழுறாங்க?’ என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. ரவிதாசுக்கு எத்தனை பதம் என்று தெரியும், எங்க ஊர்ப் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் என்று தெரியாது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ரொட்டியை எடுத்தாள். நான் ரெண்டு கையையும் ஏந்தினேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் தாலுகா ஆபீசுக்குப் போய் ‘அ’ பதிவேடு கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.